மே மாத ராத்திரியில் சென்னை ஏன் ஆறுவதில்லை?

சென்னையில் மே மாதம் இரவு 11 மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். சாயங்காலம் கொடியில் போட்ட துண்டு இன்னும் நசநசவென்று தொங்கும். காற்றில் ஒரு புழுக்கம். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் பகல் வெயில் இதைவிடக் கொடுமை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் வெப்பம் மளமளவென்று இறங்கிவிடும். கடலோரக் காற்றில் இருக்கும் நீராவி அங்கே இல்லை, அதுதான் வித்தியாசம்.

பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. நீராவி அதை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பிவிடும். லண்டனில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1859-இல் தொடங்கிய சோதனைகளில், குழாயில் அடைத்த வாயுக்கள் வழியே வெப்பத்தைச் செலுத்தி இதை அளந்தார். ஒரே ஒரு கோடை இரவுக்கு நீராவியை எடுத்துவிட்டால் போதும், இங்கிலாந்தில் குளிர் தாங்காத செடிகளெல்லாம் கருகிவிடும் என்றார்.

சரி, காற்றில் எவ்வளவு நீராவி தங்கலாம்? அதை வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 17 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். சூடு ஏறினால் நீராவி ஏறும், நீராவி ஏறினால் சூடு இன்னும் ஏறும்.

"வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுக்களில் நீராவிதானே பெரியது, பூமி சூடாவதற்குக் கார்பன் டை ஆக்சைடை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதிக வெப்பத்தைப் பிடிப்பது நீராவிதான், உண்மை. ஆனால் கூடுதலாகச் சேரும் நீராவி பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் அதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே கிடக்கும். சூட்டைத் தொடங்கி வைப்பது அது. அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவது நீராவி.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, வெப்பம் கூடியபோது கிடைத்ததல்ல, குறைந்தபோது கிடைத்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக டை ஆக்சைடிலிருந்து உருவான நுண்துளிகள் வெயிலை மறைக்க, உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. கூடவே காற்றிலிருந்த நீராவியும் குறைந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. காலநிலை விஞ்ஞானி பிரையன் சோடனும் கூட்டாளிகளும் அந்தக் குளிர்ச்சியைக் கணினியில் போட்டுப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். நீராவியின் பங்கை நிறுத்திவிட்டுக் கணக்கிட்டபோது, உண்மையில் குளிர்ந்த அளவுக்குக் குளிரவில்லை. அதைச் சேர்த்ததும் கணக்கு அளவீட்டோடு ஒத்துப்போனது.