கீபோர்டு வாங்குமுன் கீயை அழுத்திப் பாருங்கள்

பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை டோன் (கருவி ஒலி), எத்தனை ரிதம் (தானாக ஓடும் தாளம்) என்றுதான். பெட்டியின் மேலும் அதுதான் பெரிதாக அச்சாகியிருக்கும். விற்பனையாளரும் ஒரு ஸ்டைலை, அதாவது தானாக ஓடும் பின்னணி இசையை ஓடவிட்டு, அதன் மேல் இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்துக் காட்டுவார். டிரம்ஸ், பேஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாம் ஒன்றாக முழங்கும்போது எந்தக் கீபோர்டும் நன்றாகத்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்குள் கீ எப்படி இறங்குகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

டோன் போதவில்லை என்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். யூஎஸ்பி மிடி (எந்தக் கீ, எவ்வளவு வேகம் என்பதை எண்களாக அனுப்பும் வசதி) உள்ள கீபோர்டை ஃபோனோடு இணைத்தால் நல்ல பியானோ ஒலி தரும் செயலிகள் இருக்கின்றன. ஸ்பீக்கர் போதவில்லை என்றால் வெளியே ஒன்று வைக்கலாம். கீயை மட்டும் மாற்ற முடியாது. டச், அதாவது விரலுக்குக் கீ ஈடுகொடுக்கும் விதம், வாங்கிய அன்று இருப்பதுதான் கடைசிவரை.

முதலில் டச் ரெஸ்பான்ஸ் உண்டா என்று பாருங்கள். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் உரத்த ஒலி. அதுதான் டச் ரெஸ்பான்ஸ். ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பர் பட்டையில் கார்பன் பொட்டுகள் இருக்கும். டச் ரெஸ்பான்ஸ் உள்ள கீயில் குறைந்தது இரண்டு தொடுபுள்ளிகள் உண்டு. கீ இறங்கும்போது ஒன்று முன்னால் தொடும், மற்றது கொஞ்சம் பின்னால் தொடும். இடைப்பட்ட நேரத்தை அளந்து, விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று கருவி கணக்கிடுகிறது. மிடியில் அது 1 முதல் 127 வரை ஓர் எண். கீபோர்டு அளப்பது விரலின் வேகத்தைத்தான், பலத்தை அல்ல. டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கருவியில் எப்படி அழுத்தினாலும் ஒரே ஒலி. அதில் பழகும் குழந்தைக்கு மெலிதாக வாசிப்பது என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகும்.

கேசியோ சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 61 கீ, 400 டோன், 77 ரிதம். எண்களை மட்டும் பார்த்தால் ஒரே கருவி என்றே தோன்றும். ஆனால் 200-இல் டச் ரெஸ்பான்ஸ் இல்லை, 300-இல் உண்டு. ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரமும் 300-இல் மட்டும்தான். யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273-இல் டச் ரெஸ்பான்ஸ் கிடையாது, இ373-இல் உண்டு. விலை குறைந்ததை வாங்கிவிட்டு, சில மாதத்தில் ஆசிரியர் "இதில் டச் இல்லையே" என்று சொன்ன பிறகு விற்று மாற்றினால், மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகம் போய்விடும்.

கடையில் சோதிக்கும்போது ஸ்டைலை நிறுத்தச் சொல்லுங்கள். கிராண்ட் பியானோ டோன், பாதி வால்யூம். பிறகு ஃபங்ஷன் மெனுவில் டச் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சாஃப்ட், மீடியம், ஹார்டு, ஆஃப் என்பது போல இருக்கும். காட்சிக்கு வைத்த கருவியில் யாராவது ஆஃப் செய்துவிட்டுப் போயிருக்கலாம். சாஃப்ட் என்றால் மெல்லத் தொட்டாலே உரத்து ஒலிக்கும் என்று பொருள். ஹார்டு என்றால் உரத்த ஒலிக்கு நன்றாக இறக்க வேண்டும். மீடியத்தில் வைத்துக்கொண்டு, ஒரே கீயை ஐந்து படியாக, மிக மெல்லியதிலிருந்து உரத்தது வரை வாசித்துப் பாருங்கள். ஐந்தும் தனித்தனியாகக் கேட்டால் நல்லது. மெலிது, உரத்தது என்று இரண்டு மட்டுமே கேட்டால் டச் பெயருக்குத்தான் இருக்கிறது.

அடுத்த சோதனையைப் பலரும் செய்வதில்லை. வெள்ளைக் கீயை நுனியில் அழுத்தாமல், கறுப்புக் கீகளுக்கு நடுவே உள்ளே தள்ளி அழுத்துங்கள். சிறிய கீபோர்டுகளில் கீயின் அச்சு, அதாவது கதவுக்குக் கீல் போலக் கீ அசையும் இடம், கண்ணுக்குத் தெரியும் பகுதி முடிந்த உடனேயே இருக்கும். அச்சை நெருங்க நெருங்க அழுத்துவது கடினமாகும். நுனியிலிருந்து 16 செ.மீ. தொலைவில் அச்சு இருக்கிறது, நுனியில் 60 கிராம் எடை போதும் என்று வைத்துக்கொள்வோம். 8 செ.மீ. உள்ளே போனால் 120 கிராம் வேண்டும். கீ இறங்கும் ஆழமும் பாதியாகிவிடும். நுனியில் 10 மி.மீ. இறங்குவது அங்கே 5 மி.மீ.தான். அச்சு 22 செ.மீ. தொலைவில் இருந்தால் அதே இடத்தில் சுமார் 94 கிராம் போதும். பியானோ கீ உள்ளே நீண்டு போவதன் பயன் இதுதான்.

இது நம் ஊர் வாசிப்புக்கு நேராகத் தொடர்புடையது. ஒரு கட்டையில், அதாவது ஸியிலிருந்து ஸரளி வரிசை வாசிக்கும்வரை விரல் பெரும்பாலும் நுனியிலேயே இருக்கும். பாடுகிறவருக்கு ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப் ஷட்ஜம். அங்கே மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ, ம, ப மூன்றும் கறுப்பில், ரி, க, த, நி நான்கும் வெள்ளையில். கறுப்பில் இருக்கும் கை வெள்ளையைத் தொட உள்ளேயேதான் இறங்கியாக வேண்டும். அச்சு நுனிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கீபோர்டில் அந்த நான்கு ஸ்வரமும் மட்டும் அமுங்கிக் கேட்கும். கேட்பவர் வாசிப்பவரைக் குறை சொல்வார். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டித் தப்பிக்கலாம்தான், மேடையில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கற்கிற வயதில் எல்லாச் சுருதியிலும் கை பழகுவது நல்லது.

கீயின் கனத்தை அளக்க நாணயமே போதும். 2011-இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ.; வெள்ளைக் கீ மேல் அடங்கும். பத்து ரூபாய் நாணயம் அகலம், பக்கத்துக் கீயில் முட்டிக்கொள்ளும். நடு ஸியின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். 13 நாணயம் ஏறத்தாழ 49 கிராம். நன்றாகப் பராமரித்த பியானோவில் நடுக் கீ இறங்கத் தேவைப்படும் எடையும் ஏறக்குறைய இவ்வளவுதான். எந்த எடையில் இறங்குகிறது என்பதோடு எப்படி இறங்குகிறது என்றும் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த கீ அழுத்த அழுத்த எதிர்ப்புக் கூடும் என்பதால் பாதி வழியில் நின்றுவிடும். பியானோ போலச் சுத்தியல் எடை வைத்த கீ, இறங்கத் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய அடிவரை மெதுவாகப் போகும்.

அப்படியானால் கனமான கீதான் நல்லதா? இல்லை. மெல்லிசைக் குழுவில் ஆர்கன், பிராஸ், லீட் வாசிப்பவருக்கு லேசான கீதான் வசதி. வேகச் சங்கதி, கீ மேல் வழித்து இழுக்கும் ஓட்டம் இவற்றில் சுத்தியல் கீ விரலைக் களைப்பாக்கும். ஆட்டோவில் தூக்கிப்போட வேண்டியவர் எடையையும் பார்க்க வேண்டும்: யமஹா என்பி-12 4.5 கிலோ, 88 சுத்தியல் கீ உள்ள பி-45 11.5 கிலோ. பியானோ கற்கிறவருக்கோ நிலைமை வேறு. அவர் லேசான கீயில் ஓரிரு வருடம் பழகிவிட்டு உண்மையான பியானோ முன் உட்கார்ந்தால் பாதி ஸ்வரம் ஒலிக்காது. லண்டன் திரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், பியானோவா எலக்ட்ரானிக் கீபோர்டா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். இரண்டும் தனித்தனிப் பாடத்திட்டம். கருவிக்கு என்னென்ன வேண்டும் என்பதை அந்தந்தப் பாடத்திட்டத்தில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சின்னக் கீ உள்ள 32, 37, 44 கீ கருவிகள் விளையாட்டுக்குச் சரி. பாட்டு வகுப்புக்கு வேண்டாம். சாதாரண வெள்ளைக் கீக்கு 23.5 மி.மீ. இடம், சின்னக் கீயில் பழகிய விரல் இடைவெளி பெரிய கீயில் பொருந்தாது.

கீ எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகிறது என்று பார்க்க ஜண்டை வரிசையை விடச் சிறந்த சோதனை கிடையாது. ஸஸ ரிரி கக மம, மூன்று காலத்திலும் (வேகத்திலும்), ஒரே கீயில் இரண்டு விரலை மாற்றி மாற்றி. மூன்றாம் காலத்தில் இரண்டாவது ஸ்வரம் விழுங்கப்பட்டால், கீ முழுதாக மேலே வந்தால்தான் அடுத்த ஒலி பிறக்கும் அமைப்பு அது. மூன்று சென்சார் உள்ள கருவிகளில், ரோலண்ட் எஃப்பி-10 அப்படி ஒன்று, கீ பாதி எழுந்தாலே மறுபடி ஒலிக்கும். கூடவே வால்யூமைப் பூஜ்யம் ஆக்கி வாசித்துப் பாருங்கள். கீ அடியில் மோதும் 'டக் டக்' சத்தம் அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரருக்கு உங்களைவிட நன்றாகக் கேட்கும்.

சில சமயம் குறை கீயில் இருக்காது. "கீ மந்தமாக இருக்கிறது" என்று சர்வீஸுக்கு வரும் கருவிகளில் முதலில் கேட்க வேண்டியது, புளூடூத் ஹெட்போனா என்பது. சாதாரண புளூடூத்தில் ஒலி பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் மேல் தாமதமாக வரலாம். விரல் அதைக் கீயின் குறையாக உணர்கிறது. வயர் ஹெட்போன் போட்டால் சரியாகிவிடும். வால்யூமைக் குறைத்து வைத்துக் கற்கும் வீடுகளில் குழந்தை ஒலி கேட்கவேண்டி ஓங்கி அடிக்கப் பழகும். அதற்கும் ஹெட்போன்தான் வழி. 75 செ.மீ. சாப்பாட்டு மேசை மேல் கீபோர்டை வைத்தால் கீ 85 செ.மீ. உயரத்துக்குப் போய் மணிக்கட்டு மடங்கும். பியானோவில் கீயின் உயரம் தரையிலிருந்து 72 செ.மீ. அளவுதான். கட்டில், மடி இரண்டும் கூடாது. எக்ஸ் வடிவக் கால் உள்ள ஸ்டாண்டின் திருகு தளர்ந்து ஆடினால், அழுத்தும் வேகத்தில் கொஞ்சம் ஆட்டத்திலேயே வீணாகும்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் 61 கீயையும் ஒன்று விடாமல் தொடுங்கள்; ஒவ்வொன்றையும் மெலிது, நடு, உரத்தது என மூன்று தரம், ஹெட்போனில். நடுவில் ஒரு கீ மட்டும் திடீரென்று அலறினாலோ, ஊமையாக இருந்தாலோ, பெரும்பாலும் கார்பன் பொட்டில் தூசி அல்லது ஈரம். இரண்டு தொடுபுள்ளியில் ஒன்று தாமதமாகத் தொட்டால் வேகக் கணக்கே தவறிவிடும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் வரும். எறும்பு குடியேறுவதும் உண்டு. ரப்பர் பட்டையைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் லேசாக ஒற்றி, நன்றாக உலரவிட்டு மாட்டினால் போதும். கத்தியால் சுரண்டக் கூடாது, கார்பன் போய்விடும். மேலிருந்து கீ இடுக்கில் ஸ்பிரே அடிக்கவும் கூடாது, அது அழுக்கை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் கீகள் பக்கவாட்டில் ஆடுவதும், அக்கம்பக்கத்துக் கீயைவிட ஒன்று தாழ்ந்து நிற்பதும் சுத்தம் செய்தால் தீராது. நான்கைந்து கீ அப்படி இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.