இடிந்த பிறகு வரும் பணம், இடியும் முன் வர வேண்டிய பணம்: நீலகிரிக்கு ஒரு திட்ட விளக்கம்

வெள்ளத் தடுப்புக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்று செய்தி வந்தால், அது சென்னைக்கோ கடலூருக்கோ என்று நினைத்துக்கொண்டு நம் மலையில் யாரும் மேற்கொண்டு படிப்பதில்லை. நமக்குக் கடல் இல்லை. ஆறு கரை உடைத்து ஊருக்குள் வருவதும் குறைவு. ஆனால் 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரு நாள் மழை 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. சமவெளியில் தேங்கி நிற்கும் தண்ணீர் இங்கே சரிவுக்குள் இறங்கி மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஓடையைத் தூர் வாருவது, வடிகால் கட்டுவது, தடுப்புச்சுவர் எழுப்புவது, இவைதான் நீலகிரியின் வெள்ளத் தடுப்பு வேலை. இதற்கும் அரசுப் பணம் உண்டு. ஆனால் எந்தப் பையிலிருந்து வரும் என்பது தெரியாமல் கேட்டால் மனு ஒவ்வொரு மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டு விதமான நிதியைச் சொல்கிறது. ஒன்று நிவாரண நிதி, பேரிடர் நடந்த பிறகு செலவாவது. இன்னொன்று தணிப்பு நிதி, நடக்காமல் பார்த்துக்கொள்ளச் செலவாவது. தணிப்பு நிதி ரொம்ப நாள் ஏட்டளவில்தான் இருந்தது. 2021 முதல் 2026 மார்ச் வரையிலான காலத்துக்குப் பரிந்துரை தந்த 15ஆவது நிதி ஆணையம்தான் அதற்கு உயிர் கொடுத்தது. மாநிலத்தின் பேரிடர்ப் பணம் 100 ரூபாய் என்றால் அதில் 40 உடனடி நிவாரணத்துக்கு, 30 சீரமைப்புக்கு, 10 முன்தயாரிப்புக்கு, 20 தணிப்புக்கு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மொத்தத்தில் ஒன்றிய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலப் பங்கு 25. 2021–22ல் நம் மாநிலத்தின் கணக்கு 1,360 கோடி ரூபாய். அப்படியானால் தணிப்புக்கு 272 கோடி. 38 மாவட்டங்கள் பங்கு கேட்கும் பணம் அது.

அதே ஆணையம் வைத்த ஒரு நிபந்தனையைத்தான் மலையில் இருப்பவர்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம். கடலோரத் தடுப்புச்சுவர், பெரிய வெள்ளக்கரை போன்ற பெருவேலைகளுக்குத் தணிப்பு நிதியைத் தொடக்கூடாது, அவற்றை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்துகொள்ள வேண்டும். தணிப்பு நிதி உள்ளூர் அளவிலான, மக்களோடு சேர்ந்து செய்கிற சிறு வேலைகளுக்கு. கடலோர மாவட்டங்களுக்கு இது குறையாகப் படலாம். நமக்கு இது சாதகம் என்பேன். ஒரு ஹட்டிக்கு (படகர் ஊருக்கு) மேலே உள்ள ஓடையை ஒழுங்குபடுத்துவதும், சரிவில் தண்ணீரைத் திருப்பிவிடும் வடிகாலும் அந்த வரையறைக்குள் அழகாகப் பொருந்துகின்றன.

இது போக, தேசிய தணிப்பு நிதியிலிருந்து 15 மாநிலங்களுக்கு 1,000 கோடி ரூபாயில் ஒரு நிலச்சரிவுத் தணிப்புத் திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாட்டுக்கு அதில் 50 கோடி. நீலகிரியில் மட்டும் 283 இடங்கள் அபாயப் பகுதி என்று மாவட்ட நிர்வாகம் பட்டியல் வைத்திருக்கிறது. 50 கோடியை அத்தனை இடத்துக்கும் பிரிக்க முடியாது, ஆகவே பட்டியலில் இருப்பதே வேலை வருவதற்கு உத்தரவாதம் ஆகிவிடாது. ஆனால் உங்கள் ஊர் பட்டியலில் இல்லாவிட்டால் பேச்சே எழாது. முதலில் அதைத் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தணிப்புப் பணத்துக்குத் தனியாள் விண்ணப்பம் கிடையாது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது ஏதாவது ஒரு துறை முன்மொழிய வேண்டும், அது ஆட்சியர் வழியாக மேலே போகும். ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானம் நல்ல பிடிமானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை நடக்க வேண்டுமானால் அக்டோபரில் எழுந்து கேட்பது வீண். ஜனவரியிலோ மார்ச்சிலோ தீர்மானம் போட்டால்தான் மதிப்பீடு, டெண்டர் எல்லாம் முடிந்து சிமென்ட் மூட்டை இறங்கும். நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் 35தான், பேரூராட்சிகளில் வசிப்பவர்கள் நிறைய. அவர்கள் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத் தீர்மானம் கேட்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்தான், ஆனால் தீர்மான நகல் இல்லாத மனுவுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலே அதிகம்.

மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் இன்னொரு வழி. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கியது. ஒன்றிய நிதி நின்றுபோன பிறகு மாநில அரசு தன் பணத்தில் தொடர்கிறது. இதற்கென ஊட்டியில் தனி அலுவலகமே உண்டு. தடுப்பணை, ஓடைக்கரைச் சுவர் போன்ற மண் பாதுகாப்பு வேலைகளை வேளாண் பொறியியல் துறை செய்கிறது. சாலையோரச் சரிவு என்றால் அந்தச் சாலை யாருடையதோ அந்தத் துறைதான். எஸ்டேட் லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) தோட்ட நிர்வாகத்தின் சொத்து, அவற்றைப் பராமரிப்பதும் அவர்கள் பொறுப்பு.

தடுப்புச்சுவர் ஒப்புதலாகி வந்தால் மதிப்பீட்டில் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகளும், மேல்பக்கம் ஒரு வடிகாலும் சேர்க்கப்பட்டிருக்கிறதா? இவை இல்லாத சுவருக்குப் பின்னால் தண்ணீர் கோத்துக்கொள்ளும், சுவர் வயிறு தள்ளும், ஒரு பெருமழையில் சுவரே மண்ணோடு சேர்ந்து கீழே வரும். துளையைச் சிமென்ட் பூசி அடைத்துவிட்டு பில் போட்ட சுவர்களுக்கும் மலையில் பஞ்சமில்லை.

உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்ணுக்குச் சுவர் கட்ட இந்த நிதிகளில் பணம் கேட்க முடியாது. மண்ணை வெட்டியவர்தான் கட்ட வேண்டும். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும், ஜேசிபி இறக்க ஆட்சியர் அனுமதி தனி.

சரி, தடுக்க முடியவில்லை, இடிந்துவிட்டது. இப்போது நிவாரணப் பை. 2022–26 காலத்துக்கான விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம். வீடு முழுவதும் போனால் சமவெளியில் 1.2 லட்சம், மலைப்பகுதியில் 1.3 லட்சம். ஓரளவு சேதமென்றால், குறைந்தது 15 சதவீதமாவது இடிந்திருக்க வேண்டும், கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. குடிசைக்கு 8,000. கறவை மாட்டுக்கு 37,500. இவை நிதி ஆணையக் காலம் மாறும்போது மாறக்கூடியவை, ஆகவே மனுவில் தொகையை எழுதாதீர்கள், சேதத்தை எழுதுங்கள்.

அந்த 15 சதவீதம்தான் தகராறு கிளம்பும் இடம். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்ப்பதற்குள் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மண்ணை வாரிவிடுவார்கள், மழையில் அதுவும் நியாயம்தான். வாருவதற்கு முன் போட்டோ எடுங்கள். இடிந்த சுவர் மட்டும் தெரிந்தால் போதாது, கதவு எண்ணோ பக்கத்து வீடோ தெரிகிற மாதிரி ஒன்று, தள்ளி நின்று முழுச் சரிவும் தெரிகிற மாதிரி ஒன்று. அதோடு மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்கு போன் செய்து தகவலைப் பதிவு செய்யுங்கள். அழைத்த தேதியும் நேரமும் பின்னால் உதவும்.

தேயிலைக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. பல்லாண்டுப் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் ஹெக்டேருக்கு 22,500. தோட்டத்தில் விழுந்த மண், கல்லை அகற்ற ஹெக்டேருக்கு 18,000, அதே சேதத்துக்கு வேறு உதவி வாங்கியிருக்கக்கூடாது. நிலமே சரிந்து போய்விட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000. அரை ஏக்கர் போன ஒருவருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9,500 ரூபாய் வரும். அதில் நிலம் திரும்பாது, செடி நட்டுப் பறிப்புக்கு வரும்வரை தாங்கவும் முடியாது. ஆனால் இந்தப் பதிவு இருந்தால், அதே சரிவுக்கு அடுத்த ஆண்டு தடுப்பு வேலை கேட்கும்போது கோப்பில் ஆதாரம் இருக்கும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு பெரிய முட்டுக்கட்டை உண்டு. வீட்டுச் சேதத்துக்கான விதி, அது அனுமதி பெற்ற கட்டுமானம் என்று மாநில அரசின் தகுதியுள்ள அதிகாரி சான்று தர வேண்டும் என்கிறது. ஜன்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலக்கிழார்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வந்த ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிக் கிடக்கும் நிலங்களில் தலைமுறையாக வாழ்பவர்களுக்குப் பட்டா எங்கே? அவர்கள் மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழி மறுப்பை வைத்து வருவாய்க் கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ மேல்முறையிட முடியாது.