‘கவுன்ட்டி கிரிமினல் ரெக்கார்ட்’: தமிழில் என்ன சொல்வது?

நமக்குக் கவுன்ட்டி என்றால் கிரிக்கெட். 1992-ல் சச்சின் யார்க்‌ஷயருக்கு ஆடப் போனார், 2017-ல் அஸ்வின் வொர்செஸ்டர்‌ஷயருக்கு ஆடினார் என்று விளையாட்டுப் பக்கத்தில் படித்துப் பழகிய சொல். அமெரிக்காவில் குடியேறிய தமிழருக்கு அதே சொல், மாநிலத்துக்குள் அடங்கிய ஒரு நிர்வாகப் பகுதியின் பெயராக, வீட்டு வரி ரசீதில் எதிர்ப்படும். கொஞ்சம் நேரம் சரியில்லை என்றால் வக்கீல் வாயிலும் வரும்: “கவுன்ட்டி கோர்ட்டில் கிரிமினல் ரெக்கார்ட் வாங்கிக்கொண்டு வாருங்கள்.”

அங்கே இருக்கும் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. பல வருடம் முன்பு, முடக்கிவைத்த ஓட்டுநர் உரிமத்தோடு கார் ஓட்டியதாக ஒரு வழக்கு. கோர்ட் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு கோர்ட் முத்திரையோடு நகல் வேண்டும். ஊரில் இருக்கும் அப்பாவிடம் “மாவட்டக் குற்றப் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லியிருக்கிறார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளிகள்’ என்று போட்டோ ஒட்டி வைப்பார்களே, அதில் பையன் இருப்பதாக நினைத்துவிட்டார்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. ‘மாவட்டம்’, ‘குற்றப் பதிவேடு’ இரண்டுமே பிசகான சொற்கள்.

முதலில் கவுன்ட்டி. எண்ணுவதற்கான ‘கவுன்ட்’டுக்கும் இதற்கும் உறவில்லை. லத்தீனில் ‘கோமெஸ்’ என்றால் கூடவே வருபவன், தோழன். அரசனுக்குக் கூட இருந்தவர்கள் மெல்லப் பிரபுக்கள் ஆனார்கள். பிரெஞ்சில் அவர்கள் ‘கோந்த்’, அவர்கள் ஆண்ட பகுதி ‘கோந்த்தே’. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது இந்தச் சொல்லும் கப்பலேறி வந்தது. அங்கே ஏற்கெனவே ‘ஷயர்’ என்ற உள்ளூர்ச் சொல் இருந்தது. புதியது அதன் மேல் உட்கார்ந்துகொண்டது, பழையது ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. யார்க்‌ஷயர் கவுன்ட்டி அணி என்று சொல்லும்போது உண்மையில் ஒரே பொருளை இரண்டு தடவை சொல்கிறோம். ஷயரின் அதிகாரி ‘ஷயர் ரீவ்’. அது தேய்ந்து ஷெரீப் ஆயிற்று. சென்னைக்கும் ஒரு காலத்தில் ஷெரீப் இருந்தார், அலங்காரப் பதவியாக. அமெரிக்க ஷெரீப் அப்படியில்லை, நிஜமாகவே ஆளைப் பிடித்து உள்ளே வைப்பார்.

அட்லாண்டிக்கைத் தாண்டிய பிறகும் இதே கதை. 1634-ல் வர்ஜீனியாவை எட்டு ஷயர்களாகப் பிரித்தார்கள். பிறகு அவையெல்லாம் கவுன்ட்டி ஆயின. இன்று அந்த நாட்டில் 3,100-க்கு மேல் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் சுமார் ஒரு கோடிப் பேர். டெக்சாஸின் லவ்விங் கவுன்ட்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர், நம்மூர் டவுன் பஸ் ஒன்றில் ஏற்றிவிடலாம். லூசியானாவில் அதற்குப் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ.

சரி, இதை ‘மாவட்டம்’ என்றால் என்ன குறை? அளவும் சாயலும் ஓரளவு பொருந்தத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே ‘டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது மத்திய அரசின் நீதிமன்றம். வங்கிக் கொள்ளை, மாநில எல்லை தாண்டிய போதைப்பொருள் கடத்தல் போன்றவை அங்கே போகும். அதன் ஆவணங்கள் கவுன்ட்டியில் கிடைக்காது. ‘பேசர்’ என்ற தனி இணையதளத்தில் பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டிப் பார்க்க வேண்டும். குழப்பம் போதாதென்று டெக்சாஸில் மாநிலத்தின் பெருங்குற்ற நீதிமன்றத்துக்கும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்றே பெயர். எல்லாவற்றையும் மாவட்டம் என்று எழுதினால், படிப்பவர் தப்பான கதவைத் தட்டுவார்.

நம்மிடம் ‘கோட்டம்’ இருக்கிறது. தொண்டை மண்டலத்தை இருபத்து நான்கு கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்: புழற்கோட்டம், புலியூர்க் கோட்டம் என்று. சொல் அழகுதான். ஆனால் இன்று வருவாய்க் கோட்டம் மாவட்டத்துக்குள் அடங்கிய துண்டு, மின்வாரியமும் ஒரு கோட்டம் வைத்திருக்கிறது. மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்றால் கோட்டம் என்பேன். நாலு பேருக்குப் புரிய எழுதும்போது ‘கவுன்ட்டி’ என்றே விட்டுவிடுவேன். கிரிக்கெட்டில் விட்டோமே, என்ன கெட்டுப்போயிற்று?

அடுத்தது ரெக்கார்ட். பள்ளிக்கூட ரெக்கார்ட் நோட்டு, திருவிழா ரெக்கார்ட் டான்ஸ், கோர்ட் ரெக்கார்ட் ரூம் என்று தமிழில் இது வசதியாகக் குடியிருக்கும் சொல். லத்தீன் வேரில் இருப்பது ‘கோர்’, அதாவது இதயம். மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவதுதான் ரெக்கார்ட். நாம் ‘நெஞ்சில் பதிந்தது’ என்கிறோமே, அந்தப் ‘பதி’யிலிருந்துதான் நமக்குப் பதிவு. இந்த இடத்தில் இரண்டு மொழியும் ஒன்றுபோலவே யோசித்திருக்கின்றன.

ஆனால் ‘குற்றப் பதிவேடு’ என்றதும், அரசாங்கம் குற்றவாளிகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு பெரிய நோட்டு மனதில் வருகிறது. கவுன்ட்டியில் அப்படி எதுவும் இல்லை. இருப்பது வழக்குக் கட்டுகள். குற்றச்சாட்டு என்ன, எந்தத் தேதியில் யார் ஆஜரானார், என்ன ஒப்புக்கொண்டார், கடைசியில் வழக்கு என்ன ஆனது என்ற விவரம்தான் அதில் இருக்கும். தள்ளுபடியானதும் அங்கேதான் இருக்கும், விடுதலையானதும் அங்கேதான். ஆகவே ‘குற்ற வழக்கு ஆவணம்’ என்பதே சரி. ‘வழக்கு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்த அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.

இதை எங்கே தேடுவது என்பது வில்லங்கச் சான்று வாங்கியவருக்குச் சட்டென்று புரியும். நிலம் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கேதானே வில்லங்கம் பார்ப்போம்? அதேபோல வழக்கு எந்தக் கவுன்ட்டியில் நடந்ததோ அந்தக் கவுன்ட்டி. ஆள் இப்போது எங்கே குடியிருக்கிறார் என்பது கணக்கில்லை. ஷெரீப்பிடம் கிடைப்பது கைது விவரம், சிறையில் அடைத்த விவரம். வழக்கின் முடிவு கோர்ட் கிளார்க்கிடம். ‘எழுத்தர்’ என்று இவரைச் சுருக்கிவிடக் கூடாது. பல மாநிலங்களில் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். ‘ஆவணப் பதிவாளர்’ என்றால் ஓரளவு பொருந்தும்.

வழிமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் குற்ற வழக்குக் கட்டை வீட்டிலிருந்து திறந்து படிக்க விதி இடம் தருவதில்லை. கோர்ட்டுக்கே போய் அங்குள்ள கணினியில் பார்க்க வேண்டும். நகல் பக்கத்துக்கு 50 சென்ட், தேடல் பத்து நிமிடத்தைத் தாண்டினால் 15 டாலர். பிறந்த தேதியை வைத்து வழக்குப் பட்டியலில் சலித்தெடுக்கும் வசதியும் கூடாது என்று 2021-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூயார்க்கிலோ 95 டாலர் கட்டினால் 62 கவுன்ட்டிகளிலும் நீதிமன்ற நிர்வாகமே தேடித் தரும்.

எல்லோருக்கும் திறந்த ஆவணத்தைத் தேட ஏன் இத்தனை சிரமம்? 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. எஃப்.பி.ஐ. ஒருவரைப் பற்றித் தொகுத்து வைத்திருந்த குற்ற வரலாற்றைச் செய்தியாளர்கள் கேட்டார்கள். கவுன்ட்டி கவுன்ட்டியாக அலைந்து பொறுக்கினால் கிடைக்கும் தாள்கள் வேறு, ஒரே இடத்தில் கணினி தொகுத்துத் தரும் சுருக்கம் வேறு என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. சிதறிக் கிடப்பதே ஒரு மறைப்பு என்ற இந்தக் கருத்தை ‘நடைமுறை மறைவு’ எனலாம். அந்த நீதிபதிகள் இன்றைய தேடுபொறியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

தமிழருக்கு இதில் தனித் தலைவலி, பெயர். சு. குமரன் என்பவர் பாஸ்போர்ட்டில் குமரன் சுப்பையா ஆவார், கோர்ட் பட்டியலில் சுப்பையா, குமரன் என்று ஏறுவார். அப்பா பெயரில்தான் மகனைத் தேட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் ‘எஃப்.என்.யூ’ என்று அடித்துத் தருவார்கள், ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம். அதையே இயற்பெயர் என்று நினைத்துப் போலீஸ்காரர் எழுதிவிட்டால் கட்டு அந்தப் பெயரில்தான் கிடக்கும். நண்பரின் வழக்கு நாலாவது முயற்சியில், எழுத்துப் பிழையோடு அகப்பட்டது. வழக்கு எண் கையில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அவர் வாங்கியது முத்திரையிட்ட நகல். நம் பத்திரப்பதிவு அலுவலகத்துச் சொல் ‘சான்றிட்ட நகல்’. இன்னும் பழைய சொல் வேண்டுமானால் பெரியபுராணத்துக்குப் போகலாம். கல்யாணப் பந்தலில் சுந்தரர் அடிமை ஓலையைக் கிழித்துப்போட, கிழவராக வந்த சிவன் அது படியோலைதான் என்று சொல்லி, திருவெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். படியோலை, மூல ஓலை என்ற இந்த ஜோடியைவிடத் தெளிவான கலைச்சொல் எனக்குத் தெரியவில்லை.

வழக்கு ஆவணத்தை அழிப்பதற்கு அங்கே ‘எக்ஸ்பஞ்ச்’ என்கிறார்கள். லத்தீனில் குத்தி நீக்குவது என்று பொருள். தமிழில் ‘பதிவு நீக்கம்’ போதும். சுந்தரர் கதையில் படியோலை போனாலும் மூல ஓலை பத்திரமாக இருந்தது. இங்கே தலைகீழ்: பல மாநிலங்களில் கவுன்ட்டியில் மூல ஓலை போய்விடும் அல்லது பூட்டி வைக்கப்படும், பின்னணி விசாரிக்கும் தனியார் கம்பெனிகள் முன்பே எடுத்துவைத்த படியோலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். குடியுரிமை விண்ணப்பமோ நீக்கப்பட்ட வழக்கையும் சொல்லச் சொல்கிறது. அதனால் நீக்க மனு போடும் முன்பே சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நீக்கிய பிறகு போய்க் கேட்டால், அப்படி ஒரு வழக்கே இங்கே இல்லை என்ற பதில் கிடைக்கலாம்.