கைப்பிடி திரும்பும் கணத்தில் தொடங்கும் பதிவு

உடலில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் குரோமியம் 6 (குரோமியத்தின் நச்சு வடிவம்) இருந்தாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 2015 முதல் இதுதான் விதி. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல்காரர்களுக்குப் பழகிய கணக்கு இது. அந்தக் குரோமியத்தையோ தடைசெய்த சாயப் பொருளையோ குரோமட்டோகிராஃப் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவி) நேரத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது: மாதிரி உள்ளே போன கணத்திலிருந்து எத்தனையாவது நிமிடத்தில் வரைபடத்தில் அந்தப் பொருளின் சிகரம் எழுகிறது?

அந்தக் கணம் கணினிக்குத் தெரிய வேண்டும். மாதிரியைச் செலுத்தும் தானியங்கி இன்ஜெக்டர் ஒரு கம்பி வழியே சொல்லிவிடும். கையால் திருப்பும் பழைய வால்வு பலவற்றில் அந்தக் கம்பியே கிடையாது. ஒரு கையில் வால்வு, மறு கையில் மவுஸ் என்று சமாளித்தால் ஒரு நொடி முன்பின் ஆகும். அதாவது 0.017 நிமிடம். 12ஆவது நிமிடச் சிகரத்துக்கு இது பெரிதில்லை. 2ஆவது நிமிடத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு சிகரங்களுக்குப் பெயரே மாறிப் போகலாம்.

வழி எளிது. ஆறு துளை வால்வின் கைப்பிடி 60 பாகை திரும்பும். அதில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, திரும்பி நிற்கும் இடத்தருகே ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் மூடும், கண்ணாடிக் குழாய்ச் சுவிட்ச்) நிறுத்துங்கள். சுவிட்சின் கம்பியை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவில் குறடால் பிடித்துக்கொள்ளாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

அந்தச் சுவிட்சை நேராகக் கணினியின் ஸ்டார்ட் முனையில் (பதிவைத் தொடங்கவைக்கும் இணைப்பு) இணைப்பதில்தான் பலரும் சிக்குகிறார்கள். வால்வு இன்ஜெக்ட் (மாதிரியைச் செலுத்தும்) நிலையில் இருக்கும் வரை தொடர்பு மூடியே இருக்கும். ஓட்டம் முடிந்ததும் சில மென்பொருள்கள் அதைப் புது ஸ்டார்ட் என்று எடுத்துக்கொள்ளும். தேவை ஒரு குறுந்துடிப்பு. 555 என்ற டைமர் ஐ.சி.யில் 100 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டால் 1.1 நொடி கிடைக்கும். சுவிட்ச் முனையை 10 கிலோஓம் வழியே மேலே இழுத்து, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக 555இன் 2ஆம் காலுக்கு (துடிப்பைத் தொடங்கவைக்கும் கால்) கொண்டுபோங்கள். அந்தக் காலுக்கும் தனியாக ஒரு 10 கிலோஓம் வேண்டும், சப்ளையை நோக்கி ஒரு டயோடும் வேண்டும். மின்தேக்கியை விட்டுவிட்டால் கால் தாழ்ந்தே கிடக்கும், துடிப்பு முடியாது. கைப்பிடியை லோடு (மாதிரி நிரப்பும்) நிலைக்குத் திருப்பும்போது தொடர்பு துள்ளிப் பொய் ஸ்டார்ட் வராதிருக்க, சுவிட்சோடு 100 ஓம் தொடராகவும், இரண்டுக்கும் இணையாக 1 மைக்ரோஃபாரடும் சேருங்கள்.

555இன் துடிப்பு ஒரு ரிலேயை (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்க வேண்டும். அதற்கு 555க்கு 12 வோல்ட் கொடுங்கள். 5 வோல்ட்டில் சாதாரண 555இன் வெளியீடு 3.3 வோல்ட் அளவே வரும், ரிலே இழுக்காமல் போகலாம். ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு கட்டாயம். ரிலேயின் தொடர்பு மட்டுமே கணினிப் பக்கம் போக வேண்டும். இரு கருவிகளின் எர்த்தும் இதில் சேரக் கூடாது. பக்கத்தில் தோல் டிரம் மோட்டார் ஓடும் கட்டடமென்றால் முறுக்கிய, கவசமிட்ட கம்பி போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

ஊசியால் செலுத்தும் வாயு குரோமட்டோகிராஃபில் திருப்ப வால்வு இல்லை. 250 பாகை செல்சியஸ் இன்ஜெக்டர் தலையில் பிளாஸ்டிக் மைக்ரோசுவிட்ச் உருகிவிடும். ஊசியின் உடல் வந்து அழுத்தும்படி நீண்ட எஃகுத் தகடு வைத்து, சுவிட்சைத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

ஸ்டார்ட் முனையே இல்லாத மென்பொருளா? பதிவை முன்கூட்டியே ஓடவிட்டு, சுவிட்ச் குறியை இரண்டாவது சேனலில் எழுதுங்கள். நொடிக்கு 10 புள்ளி பதிந்தால் பிழை 0.1 நொடிக்குள் அடங்கும். அந்தக் குறியின் நேரத்தைச் சிகர நேரத்திலிருந்து கழித்தால் போதும்.