ரத்த குரூப் ஒன்றுதானே, அப்புறம் ஏன் சேரவில்லை?

"மேடம், எனக்கும் ஓ பாசிட்டிவ், பையனுக்கும் ஓ பாசிட்டிவ். என்னுடையதையே எடுத்துக்கொள்ளுங்களேன்."

ஸ்டெம் செல் (எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் செல்) மாற்று சிகிச்சைக்காக ஓசூர், சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு வரும் அம்மாக்கள் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அடிக்கடி கேட்பது இது. ரத்த குரூப் இங்கே பெரிய தடையே இல்லை. வேறு குரூப்காரரும் கொடுக்கலாம். பிறகு நோயாளியின் குரூப்பே கொடுத்தவருடையதாக மாறிவிடும். நாங்கள் பொருத்திப் பார்ப்பது ஹெச்எல்ஏ என்ற புரதத்தை.

செல்லின் மேற்பரப்பில் நிற்கும் இந்தப் புரதத்தின் வடிவத்தை 1987-இல் ஹார்வர்டில் பமீலா பியோர்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் குழு எக்ஸ்ரே மூலம் கண்டறிந்தது. இரண்டு வரப்பு, நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்குள் வேறு எதுவோ கிடந்தது. செல்லுக்குள் உடைபட்ட புரதத்தின் சின்னத் துண்டு அது. பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமில நீளம்தான் இருக்கும். நோய் எதிர்ப்புக்கான வெள்ளையணுவான டி செல் மேலிருந்து துண்டையும் வரப்பையும் சேர்த்தே தொட்டுப் பார்க்கிறது. துண்டு வைரஸுடையது என்றால் அந்தச் செல்லைக் கொல்லும். வரப்பே அந்நியமாகப் பட்டாலும் கொல்லும்.

ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது இந்த வாய்க்கால் பகுதிதான். பி 44:02, பி 44:03 என்ற இரண்டு ஹெச்எல்ஏ வகைகளுக்கும் வித்தியாசம் 156-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம். அந்த ஒன்றை அடையாளம் கண்டு டி செல்கள் மஜ்ஜையை நிராகரித்தது 1990-இலேயே பதிவாகியிருக்கிறது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்முன் கடைசி இரண்டு இலக்கங்களை நான் மறுபடி பார்ப்பது இதனால்தான்.

குழந்தைக்கு ஹெச்எல்ஏவுக்கான மரபணுக்கள் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து வருகின்றன. அதனால் அம்மா பாதிதான் பொருந்துவார். பாதிப் பொருத்தத்திலும் இப்போது சிகிச்சை நடக்கிறது, சரி. ஆனால் முதலில் தேடுவது முழுப் பொருத்தம். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இல்லையென்றால் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேட வேண்டும். நம் வம்சாவளியைச் சேர்ந்தவர்களிடம் பொருத்தம் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். தமிழர்கள் நிறையப் பேர் பதிய வேண்டும்.

பதிவுக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் போதும். அதற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று கடைசி நேரத்தில் விலகினால், அதற்குள் நோயாளியின் மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்திருப்பார்கள்.