ஐந்து வருடம் முடியாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள்

மார்ச் முடிந்ததும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) பொறுப்பை மதிப்பிட நிறுவனங்கள் அனுப்பும் ஊழியர் எக்செல் பட்டியல்களில் திரும்பத் திரும்ப ஒரே தவறு. ஐந்து வருடம் முடிக்காதவர்களை மொத்தமாக நீக்கிவிடுகிறார்கள். கேட்டால், "அவங்களுக்குத்தான் கிராஜுவிட்டியே கிடையாதே சார்" என்கிறார்கள். எத்தனை முறை சொல்வது?

இன்று ராஜினாமா செய்தால் அவருக்குப் பணம் கிடைக்காது என்பது சரி. ஆனால் அவர் வேலை பார்க்கும் ஒவ்வொரு வருடமும் நிறுவனத்தின் பொறுப்பு ஏறுகிறது. உரிமை உறுதியாகாத பணிக்காலத்துக்கும் பொறுப்பு உண்டு என்று ஏஎஸ் 15, இண்ட் ஏஎஸ் 19 என்ற கணக்கியல் தரநிலைகள் இரண்டுமே சொல்கின்றன. எத்தனை பேர் ஐந்தைத் தொடாமல் போவார்கள் என்பதைக் கணக்கில் கழிப்பது ஆக்சுவரியின், அதாவது இந்தப் பொறுப்பை மதிப்பிடும் நிபுணரின், வேலை. நீங்கள் முன்கூட்டியே கழித்து அனுப்பக் கூடாது.

நான்கு வருடம் முடித்த பத்துப் பேர், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ஆளுக்கு 26,000 ரூபாய் என்று வையுங்கள். மாதத்தை 26 நாளாக வைத்து வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற 15/26 கணக்கில் வருடத்துக்கு 15,000. நான்கு வருடத்துக்கு 60,000. எட்டுப் பேர் ஐந்தைத் தாண்டுவார்கள் என்று எடுத்தால், சம்பள உயர்வும் தள்ளுபடி விகிதமும் (பின்னால் தரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி விகிதம்) சேர்க்காமலே, பொறுப்பு 4.8 லட்சம். அடுத்த வருடம் அது 6 லட்சமாகும். கூடுதல் சுமை 1.2 லட்சம்தான். பூஜ்யம் என்று விட்டிருந்தால் 6 லட்சமும் ஒரே வருடத்தில் தலையில் விழும். ஐந்து பேர்தான் தாண்டினார்கள் என்றால் மிஞ்சுவது ஆக்சுவரியல் லாபம், அதாவது அனுமானத்தைவிட உண்மைச் செலவு குறைந்ததால் வரும் லாபம். கிராஜுவிட்டி நிதிக்கு நிறுவனம் அடுத்த வருடம் கட்டும் பங்களிப்பு அந்த அளவு குறையும்.

அமெரிக்க பென்ஷன் திட்டங்களில் மூன்றாம் வருடம் 20 சதவீதம், ஏழாம் வருடம் 100 என்று உரிமை படிப்படியாக ஏறும் முறை உண்டு. நம் கிராஜுவிட்டியில் அந்தப் படிகள் இல்லை. அதனால்தான் ஐந்தாம் வருடத்துப் பாய்ச்சல் இவ்வளவு பெரிது. மரணம், நிரந்தர ஊனம் என்றால் ஐந்து வருட நிபந்தனையே கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி நிலையான கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடமே போதும். அவர்களையும் பட்டியலில் சேருங்கள்.

வேலையை விட்டுப் போனவர்கள் விஷயம் இதைவிட மோசம். ஆறு வருடம் ஏழு மாதம் வேலை பார்த்தவருக்கு ஏழு வருடக் கணக்கு. அதே சம்பளத்தில் 1,05,000. செட்டில்மெண்ட் முடியாமலே பெயரை எடுத்துவிட்டால் கிராஜுவிட்டி நிதியில் உபரி இருப்பதாகத் தெரியும். உண்மையில் அது 30 நாளில் கொடுத்தாக வேண்டிய கடன். அதற்கு விலகல் விகிதமும் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது.

நான்கு வருடம் எட்டு மாதத்தில் போனவரை எக்செல் "4" என்று காட்டும். அதை நம்பாதீர்கள். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்பது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் 190 நாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எண்ணுங்கள்.

தயவுசெய்து மூன்று பட்டியலாக அனுப்புங்கள்: மார்ச் 31 அன்று பணியில் இருந்த அனைவரும், வருடத்துக்குள் விலகிப் பணம் வாங்கியவர்கள், விலகியும் பணம் வாங்காதவர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம் மூன்றிலும் இருக்கட்டும்.