கிரவுண்ட் கிளாஸுக்கும் தரைக்கும் என்ன உறவு?

பழைய கேம்கார்டரில் ஸ்டில் கேமரா லென்ஸைப் பொருத்துவது எப்படி என்று தமிழில் ஒரு காணொளி. நல்ல முயற்சிதான். ஆனால் நான்காவது நிமிடத்தில் "இப்போ தரைக் கண்ணாடியை லென்ஸுக்குப் பின்னால் வையுங்க" என்று குரல் வந்ததும் நிறுத்திவிட்டேன். கிரவுண்ட் கிளாஸ், அதாவது மேற்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி, இப்படி மொழிபெயர்ந்திருக்கிறது. இந்தத் தரைக் கண்ணாடி என் காதில் விழுவது இது மூன்றாவது முறை.

ஆங்கிலத்தில் கிரவுண்ட் இரண்டு. ஒன்று தரை. இன்னொன்று கிரைண்ட் என்னும் வினையின் இறந்தகால வடிவம். எழுத்தும் ஒலியும் ஒன்று, வேர் வேறு. கிரவுண்ட் கிளாஸில் இருப்பது இரண்டாவது. இட்லி மாவு அரைக்கும் இயந்திரத்தை வீட்டுக்கு வீடு கிரைண்டர் என்றே சொல்கிறோம். அதன் இறந்தகாலம் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? இந்தக் கணக்குப்படி கிரவுண்ட் காபியைத் தரைக் காப்பி என்று குடிக்க வேண்டியதுதான்.

சரி, அந்தக் கண்ணாடிக்கு இங்கே என்ன வேலை? 2007-ல் வந்த கேனன் எச்வி20 போன்ற கேம்கார்டர்களில் லென்ஸைக் கழற்ற முடியாது. சென்சாரும் 1/2.7 அங்குல வகை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஸ்டில் லென்ஸ் உருவாக்கும் படமோ 36×24 மில்லிமீட்டர். அதனால் இந்தக் கண்ணாடியைத் திரையாக வைத்த ஓர் இணைப்புக் கருவியை, அதாவது அடாப்டரை, நடுவில் மாட்டுவார்கள். ஸ்டில் லென்ஸின் படம் திரையில் விழும். கேம்கார்டர் மேக்ரோவில், அதாவது மிக அருகில் இருப்பதை எடுக்கும் முறையில், நின்று அந்தத் திரையைப் படம் பிடிக்கும். பின்னணி மங்கி, ஆள் மட்டும் துல்லியமாகத் தெரியும் சினிமாத் தோற்றம் இப்படித்தான் கிடைத்தது. வழவழப்பான கண்ணாடியில் படம் தங்காது, ஒளி நேரே போய்விடும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் படம் அங்கே நிற்கும். அப்படியென்றால் பெயரும் அந்தச் சொரசொரப்பைத்தானே சொல்ல வேண்டும்? பிரெஞ்சுக்காரர்கள் மெருகு நீக்கிய கண்ணாடி என்கிறார்கள், ஜெர்மானியர்கள் மங்கல் வட்டு என்கிறார்கள். யாரும் தரையில் தேடவில்லை.

2008-ல் நானே ஒன்று செய்தேன். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கோடு கோடாகக் கீறல் விழுந்து, கீறல் அத்தனையும் படத்தில் வந்தது. அப்புறம் ஒரு யூவி ஃபில்டரின் கண்ணாடியை எடுத்து, நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் குழைத்து, இன்னொரு கண்ணாடித் தட்டின் மேல் எட்டு போட்டபடி தேய்த்தேன். முதலில் கரகரவென்று சத்தம், போகப் போக அது அடங்கியது. கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் இளநுங்கு மாதிரி இருந்தது. (உப்புத்தாள் என்ற பெயரைப் பாருங்கள். தொட்டுப் பார்த்த யாரோ வைத்தது. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை.)

தரைக் கண்ணாடியாவது அறியாமல் வந்த பிழை. யோசித்துச் செய்த பிழை ஒன்று இருக்கிறது: ஒளிபுகாக் கண்ணாடி. ஒளி புகாவிட்டால் கேம்கார்டர் எதைப் படம் பிடிக்கும், மூடியையா? நண்பர் ஒருவர் இதற்கும் வக்காலத்து வாங்கினார்: "பார்வை புகாதுன்னு வெச்சுக்கோங்க." ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? ஒளி வேறு, பார்வை வேறு. ஒளியைச் சிதறவிட்டு அனுப்புவதுதான் இந்தக் கண்ணாடியின் பிழைப்பே. வேலைக்கு நேர் எதிரான பெயரை வைத்துவிட்டு, படிப்பவர் மனத்துக்குள் திருத்திக்கொள்ள வேண்டும் என்றால் அது எதற்குச் சொல்? அவரே பால் கண்ணாடி என்றும் ஒன்று நீட்டினார். அதுவும் ஆகாது. ஓபல் கிளாஸ் என்று தனியே ஒரு கண்ணாடி உண்டு. உருக்கும்போதே வெண்மை சேர்ந்தது. பால் கண்ணாடி என்ற பெயரை அதற்கு விட்டுவைக்க வேண்டும்.

தூய தமிழ் அன்பர்களின் அரைகண்ணாடிக்கு வருகிறேன். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை; இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் நடுவில் ஒரு 'க்' வந்தால் பாதிக் கண்ணாடி ஆகிவிடும். எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒற்று கைவசம் இருக்கிறது? அதைவிடப் பெரிய சிக்கல் அரைத்தல் என்ற சொல்லிலேயே. ஆங்கில கிரைண்ட், பொடியாக்குவதற்கும் மேற்பரப்பைத் தேய்ப்பதற்கும் பொது. தமிழில் அரைத்தால் பொருள் விழுதாகும், இல்லை பொடியாகும். மாவு அரைக்கிறோம், தேய்வது கல். இங்கே கண்ணாடி அந்தக் கல் மாதிரி, அரைபடுவதில்லை, தேய்கிறது.

அதனால் என் கட்சி தேய்கண்ணாடி. துடைத்த கண்ணாடி என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. பாத்திரம் தேய்க்கிற ஊர் இது. அப்படிக் குழப்பம் வரும் இடத்தில் சொரசொரப்புக் கண்ணாடி என்று நீட்டி எழுதிவிடலாம், குடி முழுகாது. சொல்லிலேயே தேய்ப்பு இருப்பதில் இன்னொரு வசதி: தேய்ப்பு எவ்வளவு நுண்மையாக இருந்தாலும் அதன் சொரசொரப்பு புள்ளி புள்ளியாகப் படத்தில் தெரியும், அதனால்தான் ரெட்ராக் எம்2 என்ற அடாப்டர் கண்ணாடியைச் சுழலவிட்டது, லீட்டஸ்35 என்ற அடாப்டர் அதிரவிட்டது என்று விளக்கும்போது கேட்பவருக்கு உடனே பிடிபடும். தரைக் கண்ணாடி ஏன் சுழல வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

2008-ல் வந்த கேனன் 5டி மார்க் 2 முழு ஃபிரேம் (அதே 36×24 அளவு) சென்சாரிலேயே வீடியோ எடுக்கத் தொடங்கியதும் இந்த அடாப்டர்களின் காலம் முடிந்தது. இப்போது பழைய பொருள் மோகத்தில் திரும்ப வருகின்றன, மொழிபெயர்ப்புகளோடு. புரியாத சொல்லைக் கிரவுண்ட் கிளாஸ் என்றே விட்டிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

காணொளியின் மீதியை நேற்று பார்த்தேன். திரையில் படம் தலைகீழாக விழுமே, அதை எடிட்டிங்கில் எப்படித் திருப்புவது என்று அழகாகச் சொல்லித் தருகிறார்கள். லென்ஸ், சென்சார், மேக்ரோ எல்லாம் அதே பெயரில் வருகின்றன. கண்ணாடி மட்டும் கடைசிவரை தரையில்தான் கிடந்தது.